வாடகைக்கு ஓடும் பைக்குகளும் திண்டுக்கல் சாலைகளும்

இரவு பதினொரு மணிக்குத் திண்டுக்கல் காமராஜர் பேருந்து நிலையத்தில் இறங்குகிறவருக்கு அங்கிருந்து வீடு போய்ச் சேர வழிகள் குறைவு. டவுன் பஸ் ஓய்ந்திருக்கும். ஷேர் ஆட்டோ ஆள் சேர்ந்தால்தான் நகரும். தனி ஆட்டோவுக்குக் கேட்கும் தொகை, சில நேரம் மதுரையிலிருந்து வந்த பஸ் டிக்கெட்டையே தாண்டிவிடும். பைக் டாக்ஸி என்ற தொழில் பிறந்தது இப்படிப்பட்ட இடைவெளியில்தான். கைபேசிச் செயலி வழியாக பைக் டாக்ஸியை அழைக்க உதவும் ரேபிடோ நிறுவனம் 2015-இல் பெங்களூரில் தொடங்கியது. பிறகு சென்னை, கோவை, மதுரை என்று தமிழ்நாட்டின் பெரிய நகரங்களில் அது வேரூன்றியது. இப்போது இந்தத் தொழில் நடுத்தர நகரங்களை நோக்கி வந்துகொண்டிருக்கிறது.

செயலி வருவதற்கு முன்பே வாடகை பைக் இந்தப் பகுதிக்குப் பழக்கமானதுதான். கன்னிவாடிப் பக்கமோ குஜிலியம்பாறைப் பக்கமோ கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவர், டீக்கடையில் நிற்கும் இளைஞரிடம் "பெட்ரோல் காசு குடுத்துர்றேன் தம்பி, ஊரு வரைக்கும் கொண்டுபோய் விட்டுருப்பா" என்று கேட்பார். அவரும் வண்டியை எடுப்பார். நிலக்கோட்டைப் பூ மார்க்கெட்டுக்கு விடியுமுன் மல்லிகை மூட்டையோடு பறக்கும் பைக், ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் காய் ஏற்றிப் போகும் மொபட், நகருக்குள் முதுகில் பெட்டி மாட்டிக்கொண்டு பிரியாணி கொண்டுபோகும் இளைஞர் என்று இரண்டு சக்கரத்தை நம்பிப் பிழைப்பவர்கள் பலர். சட்டம் இவர்களைத் தனித்தனி வகையாகப் பிரிக்கலாம். சாலையில் இவர்களின் நிலை ஒன்றுதான்: ஓட்டிய நடைக்குக் காசு, காத்திருந்த நேரத்துக்குக் காசு இல்லை. பைக் டாக்ஸியில் மட்டும் ஒரு வேறுபாடு உண்டு. அதன் பின்னிருக்கையில் காசு கொடுத்து ஏறிய இன்னொரு உயிர் உட்கார்ந்திருக்கிறது.

இந்தத் தொழிலில் உள்ளவர்கள் ஏன் ஆபத்தாக ஓட்டுகிறார்கள் என்பதுதான் இங்கே கேள்வி. "பசங்களுக்குப் பொறுப்பில்லை" என்பது எல்லோர் வாயிலும் உள்ள பதில். எனக்கு அந்தப் பதிலில் உடன்பாடில்லை. பொறுப்பில்லாமல் ஓட்டுபவர்கள் உண்டுதான். ஆனால் பொறுப்புள்ளவரையும் அவசரப்படுத்தும் ஓர் ஏற்பாடு இங்கே இருக்கிறது. அதை விட்டுவிட்டு ஓட்டுநரை மட்டும் பிடித்து அபராதம் போட்டுக்கொண்டிருந்தால் சாவு குறையாது.

முதலில் கணக்கு. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2022-இல் நாடு முழுவதும் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 74,897 பேர், நூற்றுக்கு 44-க்கும் மேற்பட்டோர், இருசக்கர வாகனத்தில் போனவர்கள். அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடு நாட்டிலேயே முதலிடம்: 64,105 விபத்துகள், 17,884 சாவுகள். 2023-இல் சாவு 18,347 ஆக ஏறியது. நாட்டளவில் இறந்தோரில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் 18 முதல் 45 வயதுக்குட்பட்டவர்கள்; மூன்றில் இரண்டு பங்குச் சாவுகள் கிராமப்புறப் பகுதிகளில் நடந்தவை. திண்டுக்கல் சமவெளி போன்ற இடங்களைப் பற்றிப் பேச இந்தக் கடைசி விவரமே முக்கியமானது. விபத்து பெருநகரத்து நோய் என்ற எண்ணம் தவறு. வடமதுரைக்கும் வேடசந்தூருக்கும் வத்தலக்குண்டுக்கும் நடுவில் உள்ளது போன்ற சாலைகளில்தான் பெரும்பாலான உயிர்கள் போகின்றன.

இந்த அறிக்கைகளில் ஒரு குறை இருக்கிறது. இறந்தவர் வேலைக்காக ஓட்டிக்கொண்டிருந்தாரா, சொந்த வேலையாகப் போனாரா என்பதை அவை சொல்வதில்லை. "இருசக்கர வாகனம்" என்ற ஒரே பத்தியில் கல்லூரி மாணவர், பால்காரர், டெலிவரி ஊழியர், பைக் டாக்ஸி ஓட்டுநர், அவருக்குப் பின்னால் இருந்த பயணி எல்லோரும் அடங்கிவிடுகிறார்கள். கணக்கில் வராதவர்களுக்காகத் திட்டம் வராது. சென்னை ஐ.ஐ.டி.யும் தேசியத் தகவலியல் மையமும் சேர்ந்து உருவாக்கிய ஒருங்கிணைந்த விபத்துத் தரவுத்தளம் 2021 முதல் நடைமுறையில் இருக்கிறது; முதலில் சேர்ந்த மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. விபத்து நடந்த இடத்திலேயே போலீஸார் கைபேசியில் விவரங்களைப் பதிகிறார்கள். "வாடகைக்கோ கூலிக்கோ ஓடிய வாகனமா?" என்ற ஒரு கேள்வி அதில் கட்டாயமாக இருந்து, விடையும் ஆண்டுதோறும் வெளியானால் பாதி இருட்டு விலகும்.

இன்னொரு குறை, காரணம் எழுதும் முறையில் இருக்கிறது. நம் ஊர் முதல் தகவல் அறிக்கைகளில் "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து" என்ற வரி வார்த்தை மாறாமல் வரும். 2022-ஆம் ஆண்டுச் சாவுகளில் நூற்றுக்கு 71 அதிவேகத்தால் என்கிறது அமைச்சகம். வேகம் கொல்லும் என்பது உண்மை. சராசரி வேகம் ஒரு சதவீதம் கூடினால் உயிர்ப்பலி விபத்துக்கான வாய்ப்பு நான்கு சதவீதம் கூடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆனால் அதிவேகம் என்று எழுதியதோடு விசாரணை முடிந்துவிடுகிறது. அந்த இடத்தில் விளக்கு எரிந்ததா, வேகத்தடைக்கு வெள்ளைக்கோடு இருந்ததா, அவர் எத்தனை மணி நேரமாக வண்டியில் இருந்தார், அடுத்த சவாரிக்கான அழைப்பு அந்த நொடியில் வந்ததா என்று யாரும் கேட்பதில்லை.

இனி அந்த அவசரம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். நகருக்குள் ஆறு கிலோமீட்டர் சவாரி என்று வைத்துக்கொள்வோம். சிக்னல், நெரிசல் எல்லாம் சேர்த்து மணிக்கு 24 கிலோமீட்டர் சராசரியில் போனால் 15 நிமிடம். 30 கிலோமீட்டர் சராசரியில் போனால் 12 நிமிடம். பின்னால் உட்கார்ந்திருப்பவருக்கு மிச்சமாவது மூன்று நிமிடம். பெரும்பாலும் அவருக்கு அது தெரியக்கூடத் தெரியாது. ஓட்டுபவர் பக்கம் வாருங்கள். ஒரு நாளில் 15 சவாரி என்றால் அவருக்கு மிச்சம் 45 நிமிடம். அந்த 45 நிமிடத்தில் இன்னும் இரண்டு, மூன்று சவாரி எடுக்கலாம். குறிப்பிட்ட எண்ணிக்கையைத் தொட்டால்தான் இன்சென்டிவ் என்று கம்பெனி வைத்திருந்தால், அந்தக் கடைசி இரண்டு சவாரியின் மதிப்பு அன்றைய மற்ற சவாரிகளையெல்லாம்விடக் கூடுதல். பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாய்க்கு மேல். லிட்டருக்கு 45, 50 கிலோமீட்டர் கொடுக்கும் வண்டியில் எரிபொருளுக்கு மட்டும் கிலோமீட்டருக்கு இரண்டு ரூபாய் போய்விடுகிறது. பயணியை ஏற்றப் போகும் தூரத்துக்கும், இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் தூரத்துக்கும் அதே செலவு. இத்தனையும் போக மாதத் தவணை கட்ட வேண்டும். ஆகவே அவர் செய்வது கணக்குப் போட்ட ஒரு முடிவு. அவருடைய வருமானத்தை வைத்துப் பார்த்தால் அந்தக் கணக்கில் பிழையே இல்லை. அதுதான் என்னைக் கலங்க வைக்கிறது.

24-லிருந்து 30-க்குச் சராசரியை ஏற்றுவது ஆக்ஸிலேட்டரை முறுக்குவதால் மட்டும் நடக்காது. நெரிசலான நகரத்தில் அதற்கு வேறு வழிகள் தேவைப்படும். மஞ்சள் விளக்கு விழுந்த பிறகு பாய வேண்டும். பஸ்ஸின் இடதுபுறம் புகுந்து முந்த வேண்டும். யு-டர்ன் வரை போகாமல் ராங் ரூட்டில் வர வேண்டும். ஆபத்தான ஓட்டல் என்று ஆய்வுகள் பட்டியலிடும் செயல்கள் பெரும்பாலும் இவையே. இவை ஒவ்வொன்றும் அரை நிமிடம், ஒரு நிமிடம் மிச்சப்படுத்துகின்றன. தினமும் பத்து தடவை செய்து ஒன்றும் நடக்காதபோது பழக்கமாகிவிடுகின்றன.

வேகத்தின் விளைவையும் கணக்காகவே சொல்லிவிடலாம். மணிக்கு 40 கிலோமீட்டரில் போகும் வண்டி ஒரு நொடியில் 11 மீட்டர் கடக்கும். குறுக்கே ஆடு வந்ததைக் கண்டு பிரேக் பிடிக்க ஒரு நொடி ஆகிறது. காய்ந்த சாலையில் பிரேக் பிடித்து நிற்க இன்னும் சுமார் 10 மீட்டர் தேவை. மொத்தம் 20 மீட்டருக்குச் சற்று மேல். அதே வண்டி 60-இல் போனால் நிற்பதற்கு 40 மீட்டர் வேண்டும். வேகம் கூடியது ஒன்றரை மடங்கு. நிற்கும் தூரம் ஏறத்தாழ இரு மடங்கு. கண் கைபேசித் திரையில் இருந்தால் அந்த முதல் நொடி இரண்டாகவோ மூன்றாகவோ நீளும்.

திரையைப் பற்றிக் கட்டாயம் பேச வேண்டும். ஹேண்டில்பாரில் மாட்டிய கைபேசிதான் இந்தத் தொழிலின் முதலாளி. அது வழி சொல்கிறது, நேரம் சொல்கிறது, ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்த சவாரியை நீட்டுகிறது. நீட்டிய சவாரியைச் சில நொடிகளுக்குள் தொட்டு ஏற்க வேண்டும். விட்டால் வேறொருவருக்குப் போய்விடும். அடிக்கடி விட்டால் ஏற்கும் விகிதம் குறைகிறது. ரேட்டிங் குறைந்தால் சவாரி குறையுமோ, ஐடி-யை பிளாக் செய்துவிடுவார்களோ என்ற பயம் எப்போதும் உண்டு. பலர் இரண்டு மூன்று செயலிகளை ஒரே நேரத்தில் திறந்துவைத்திருக்கிறார்கள். கைபேசியில் பேசிக்கொண்டு ஓட்டினால் அபராதம் போடுகிற அரசு, ஓடும் வண்டியில் தொட்டே ஆக வேண்டிய திரையை வடிவமைத்தவர்களை ஒரு கேள்வியும் கேட்பதில்லை. வண்டி நின்றிருக்கும்போது மட்டும் புதுச் சவாரியைக் காட்டச் செய்வது பெரிய தொழில்நுட்பம் இல்லை. வண்டி எங்கே, எந்த வேகத்தில் ஓடுகிறது என்பது அந்தச் செயலிக்கு நொடிக்கு நொடி தெரியும்.

திண்டுக்கல்லின் சாலைகள் இந்த அவசரத்தை எப்படி ஏற்கின்றன? இந்த ஊர் சாலைகளின் சந்திப்பு. கரூரிலிருந்து மதுரைக்குப் போகும் தேசிய நெடுஞ்சாலை 44, திருச்சியிலிருந்து பழனி வழியாகக் கோவைக்குப் போகும் 83, வத்தலக்குண்டு வழியாகத் தேனிக்கும் குமுளிக்கும் போகும் 183 மூன்றும் இங்கே கூடுகின்றன. நத்தம் சாலை தனி. வட இந்தியாவிலிருந்து கன்னியாகுமரி போகும் கனரக லாரியும், சின்னாளபட்டிச் சேலை மூட்டையைக் கட்டிய மொபட்டும் ஒரே நெடுஞ்சாலையைப் பயன்படுத்துகின்றன. சென்னையில் பைக் டாக்ஸி சிக்கிக்கொள்வது நெரிசலில்; அங்கே வேகம் குறைவு, மோதினால் எலும்பு முறிவோடு பிழைக்க வாய்ப்புண்டு. இங்கே பேகம்பூர், நாகல் நகர்த் தெருக்களின் நெரிசலைத் தாண்டிய சில நிமிடங்களில் வண்டி நான்குவழிச் சாலைக்கு வந்துவிடுகிறது. அங்கே லாரி 80-இல் வரும்.

அந்த நான்குவழிச் சாலையில் ஒரே ஓர் இடத்தை நின்று பார்த்தால் போதும். சாலையின் ஒரு பக்கம் ஊர்; மறுபக்கம் நகருக்குத் திரும்பும் பாதை. நடுவில் சென்டர் மீடியன். திரும்புவதற்கான கட்டிங் ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும். முறைப்படி போனால் கூடுதலாக இரண்டு கிலோமீட்டர் ஓட வேண்டும். எரிபொருள் கணக்கில் நான்கு ரூபாய், நேரக் கணக்கில் மூன்று நிமிடம். அந்தத் தூரத்துக்கு யாரும் காசு தரப்போவதில்லை. ஆகவே வண்டி சாலையோர வெள்ளைக்கோட்டை ஒட்டி எதிர்த்திசையில் வருகிறது. பகலில் தப்பித்துவிடும். இரவில் எதிரே வரும் லாரி ஓட்டுநருக்குத் தெரிவது ஒற்றை வெளிச்சம். அது தன் திசையில் போகிறதா, தன்மேல் வருகிறதா என்று அவர் உணர்வதற்குள் இடைவெளி முடிந்துவிடும். அந்தக் கட்டிங்கை எங்கே வைப்பது, சர்வீஸ் ரோட்டை இரண்டு திசைக்கும் திறக்கலாமா, சுரங்கப்பாதை வேண்டுமா என்பதையெல்லாம் முடிவு செய்தவர்கள் நான்கு சக்கரத்தை மனதில் வைத்து முடிவு செய்தார்கள். ஊர்க்காரர்கள் இரண்டு சக்கரத்தில் வாழ்கிறார்கள்.

இதற்குமேல் இந்தப் பகுதிக்கே உரிய சங்கடங்கள் உண்டு. தைப்பூசத்துக்கு முன்பு பழனிச் சாலையோரம் இரவு பகலாகப் பாதயாத்திரைக் கூட்டம் நடக்கிறது. அறுவடைக் காலத்தில் கிராமச் சாலையில் பாதி அகலத்துக்குத் தானியம் காய்கிறது. பின்விளக்கு இல்லாத டிராக்டர் டிரெய்லர் எப்போதும் உண்டு. நூற்பாலை ஷிஃப்ட் முடியும் நேரத்தில் தூக்கக் கண்ணோடு ஆட்கள் வண்டியை எடுக்கிறார்கள். பகலில் ஆலை வேலை, மாலையில் செயலி வேலை என்று இரட்டை உழைப்பு உழைக்கும் ஒருவருக்கு இரவு பதினொரு மணிச் சவாரி என்பது அன்றைய பதினான்காவது மணி நேர வேலையாக இருக்கலாம். 2020-இல் மத்திய அரசு வெளியிட்ட செயலி வாகன வழிகாட்டுதல்கள், ஓட்டுநர் நாளொன்றுக்கு 12 மணி நேரத்துக்கு மேல் இயங்கக் கூடாது என்றன. ஆலையில் உழைத்த எட்டு மணி நேரம் எந்தச் செயலிக்குத் தெரியும்?

தலைக்கவசத்துக்கு வருவோம். 2022-இல் ஹெல்மெட் அணியாமல் இறந்தவர்கள் நாடு முழுவதும் 50,029 பேர். அவர்களில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்து போனவர்கள். ஹெல்மெட் சாவை நூற்றுக்கு 42 அளவுக்கும், தலைக்காயத்தை நூற்றுக்கு 69 அளவுக்கும் குறைக்கும் என்பது பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் மதிப்பாய்வின் முடிவு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆவது பிரிவு ஓட்டுபவருக்கும் பின்னால் இருப்பவருக்கும் சேர்த்தே ஹெல்மெட்டைக் கட்டாயமாக்குகிறது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2015 ஜூலை 1 முதல் தமிழ்நாட்டில் இது கறாராக அமலுக்கு வந்தது. 2021 ஜூன் முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத ஹெல்மெட்டைத் தயாரிப்பதும் விற்பதும் குற்றம்.

நடைமுறையில் என்ன நடக்கிறது? வாடகை பைக்கின் ஹேண்டிலில் இரண்டாவது ஹெல்மெட் ஒன்று தொங்கும். பெரும்பாலும் தொப்பி போன்ற அரை ஹெல்மெட். உள்ளே ஸ்பாஞ்ச் நைந்து, முந்தைய பயணிகளின் வியர்வையும் தலை எண்ணெயும் ஊறியிருக்கும். வார் இருக்கும், கொக்கி உடைந்திருக்கும். சித்திரை வெயிலில் அதைத் தலையில் மாட்ட யாருக்கும் மனம் வராது. பயணி அதை மடியில் வைத்துக்கொள்வார். போலீஸைக் கண்டால் தலையில் கவிழ்த்துக்கொள்வார். வாரைக் கட்டாத ஹெல்மெட், விழும்போது தலை தரையில் மோதுமுன்பே கழன்று போகும். அதனால் ஒரு பயனும் இல்லை. பயணியைக் குறை சொல்வதற்கு முன், நல்ல முழு ஹெல்மெட்டும், தலைக்கு அடியில் போட மெல்லிய துணித்தொப்பியும் கொடுப்பது யார் பொறுப்பு என்று தீர்மானிக்க வேண்டும். ஒவ்வொரு சவாரியிலும் பங்கோ கட்டணமோ வாங்குகிறவர் பொறுப்பு அது என்பது என் முடிவு.

பெண் பயணிகளின் பாதுகாப்பு என்றால் இரவில் அத்துமீறல் பற்றி மட்டுமே பேச்சு நடக்கிறது. அது அவசியமான பேச்சு. கூடவே, சேலை கட்டிய பெண்கள் ஒருபக்கமாக உட்கார்ந்து போவதையும் பேச வேண்டும். சக்கரத்துக்குச் சேலைக் காப்பும், பின்னிருப்பவருக்குக் கைப்பிடியும் கால்மிதியும் இருக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகள் சொல்கின்றன. அழகுக்காக அந்தக் காப்பைக் கழற்றிய வண்டிகள் எத்தனையோ ஓடுகின்றன. முந்தானையோ துப்பட்டாவோ சக்கரத்தில் சிக்கினால் என்ன ஆகும் என்பது எந்த ஊர் அரசு மருத்துவமனைச் செவிலியருக்கும் தெரியும். அறிமுகமில்லாத ஆணின் தோளைப் பிடிக்கத் தயங்கும் பெண்ணுக்குப் பிடிமானம் அந்தக் கைப்பிடி ஒன்றுதான். வாடகைக்கு ஓடும் வண்டியில் இவை இருக்கின்றனவா என்று பார்க்க இன்று யாரும் இல்லை. ஏனென்றால் சட்டத்தின் கண்ணில் அது வாடகை வண்டியே இல்லை.

இந்தச் சட்டச் சிக்கல்தான் முழு விவகாரத்தின் வேர். ஒரு பயணியைப் பின்னால் ஏற்றி வாடகைக்கு ஓடும் மோட்டார் சைக்கிளைப் போக்குவரத்து வாகன வகையில் 2004-ஆம் ஆண்டே மத்திய அரசின் அறிவிக்கை சேர்த்துவிட்டது. கோவாவில் மஞ்சளும் கறுப்புமான "மோட்டார்சைக்கிள் பைலட்"டுகள் பல பத்தாண்டுகளாக உரிமம் பெற்று ஓடுகிறார்கள். தமிழ்நாட்டிலோ பெரும்பாலும் வெள்ளை போர்டு சொந்த வண்டிகளே இந்தத் தொழிலில் ஓடுகின்றன. 2019 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் ரேபிடோவுக்கு இடைக்காலத் தடை விதித்தது. ஆகஸ்டில் இரு நீதிபதிகள் அமர்வு அதை நிறுத்திவைத்தது, அரசு விதிகள் வகுக்கட்டும் என்றது. 2024 ஜனவரியில், மோட்டார் சைக்கிள்களுக்கும் ஒப்பந்த வாகன பெர்மிட் வழங்கலாம் என்று மத்திய அமைச்சகம் மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. அதே ஆண்டு டிசம்பரில் வாடகைக்கு ஓடும் சொந்த பைக்குகள்மீது நடவடிக்கை எடுக்கச் சொல்லித் தமிழ்நாடு போக்குவரத்து ஆணையரகத்திலிருந்து உத்தரவு போனது. தடை ஏதும் இல்லை என்று அன்றைய போக்குவரத்து அமைச்சர் சிவசங்கர் விளக்கம் தந்தார். கர்நாடகத்தில் 2025 ஜூன் 16 முதல் நீதிமன்ற உத்தரவால் பைக் டாக்ஸிகள் நின்றன. 2026 ஜனவரியில் உயர் நீதிமன்ற அமர்வு அந்த உத்தரவை ரத்து செய்தது. 2025 ஜூலை 1-இல் வெளியான புதிய மத்திய வழிகாட்டுதல்கள், சொந்த மோட்டார் சைக்கிளையும் செயலி வழியாக ஓட்ட மாநிலங்கள் அனுமதிக்கலாம் என்கின்றன.

இந்தக் குழப்பத்துக்கு விலை கொடுப்பவர் ஓட்டுநரும் பயணியும். வாடகை வண்டி என்றால் எஃப்.சி. எனப்படும் தகுதிச் சான்று உண்டு, பெர்மிட் உண்டு, அதற்கேற்ற இன்சூரன்ஸ் உண்டு. சொந்த வண்டிக்கு இவை எதுவும் கிடையாது. இன்சூரன்ஸ் விவகாரத்தை ஒவ்வொரு பயணியும் தெரிந்துகொள்ள வேண்டும். பல பைக்குகளுக்குப் போடப்படுவது கட்டாயத் தேவையான மூன்றாம் நபர் காப்பீடு மட்டுமே. அந்தக் காப்பீடு பின்னால் இலவசமாக ஏறி வந்தவரைக் கட்டாயமாகக் காக்காது என்று 2006-இல் திலக் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கூடுதல் பிரீமியம் கட்டும் முழுக் காப்பீடு பின்னிருப்பவரைக் காக்கும். ஆனால் சொந்த உபயோக வண்டியை வாடகைக்கு ஓட்டினால் பாலிசி நிபந்தனை மீறப்படுகிறது. இழப்பீடு கேட்டுப் போகும் குடும்பம் ஆண்டுக்கணக்கில் தீர்ப்பாயத்துக்கு அலைய வேண்டியதுதான். சில கம்பெனிகள் சவாரிக்கெனத் தனிக் காப்பீடு வைத்திருப்பதாகச் சொல்கின்றன. செயலியை அணைத்துவிட்டு, "ஆப்ல வேணாம்ணே, நேரா குடுங்க, பத்து ரூபா கம்மி" என்று பேசி ஏற்றும் சவாரிக்கு அதுவும் இல்லை. அந்தப் பத்து ரூபாய்க்குப் பயணி விட்டுக்கொடுப்பது என்ன என்பதை யாரும் அவருக்குச் சொல்வதில்லை.

2025 வழிகாட்டுதல்கள் ஓட்டுநருக்கு 5 லட்ச ரூபாய் மருத்துவக் காப்பீடும் 10 லட்ச ரூபாய் ஆயுள் காப்பீடும் நிறுவனம் எடுத்துத் தர வேண்டும் என்கின்றன. நல்ல வரிகள். மாநிலம் ஏற்று விதியாக்கும் வரை அவை காகிதத்தில்தான் இருக்கும்.

தடை போட்டுவிட்டால் என்ன என்று கேட்பவர்களும் உண்டு. நைஜீரியாவின் லாகோஸ் நகரம் ஒக்காடா எனப்படும் வாடகை பைக்குகளை 2020-இலும் 2022-இலும் பல பகுதிகளில் தடை செய்து பார்த்தது. பஸ் போகாத இடத்துக்குப் போக மக்களுக்கு வேறு வழி இல்லாததால் தொழில் ஒளிந்துகொண்டு நடந்தது. ஒளிந்து ஓடும் வண்டி இன்னும் ஆபத்தாக ஓடும். ருவாண்டாவின் தலைநகரம் கிகாலி வேறு வழியில் போனது: ஓட்டுநருக்குப் பதிவு எண் உள்ள மேலங்கி, பயணிக்கும் கட்டாய ஹெல்மெட். உகாண்டாவின் கம்பாலாவில் பயிற்சியும் ஹெல்மெட்டும் கொடுத்து ஓட்டுநர்களைச் சேர்த்த சேஃப்போடா திட்டத்தில் இருந்தவர்கள் மற்றவர்களைவிடக் குறைவாக விபத்தில் சிக்கியதாக அங்கு நடந்த ஆய்வு கண்டது. வியட்நாமில் 2007 டிசம்பர் 15 முதல் ஹெல்மெட் சட்டம் கடுமையாக அமலானதும், பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஹெல்மெட் அணியத் தொடங்கினார்கள்.

கூலிக்கும் விபத்துக்கும் உள்ள தொடர்பை நேரடியாகச் சட்டமாக்கிய நாடு ஆஸ்திரேலியா. லாரி ஓட்டுநர்களுக்குக் கூலி குறைந்தால் அவர்கள் தூங்காமல், வேகமாக ஓட்டுவார்கள் என்பதை ஏற்று, சாலைப் பாதுகாப்பையும் ஊதியத்தையும் இணைத்து ஒரு தீர்ப்பாயத்தை 2012-இல் அமைத்தார்கள். அரசியல் எதிர்ப்பால் 2016-இல் அது கலைக்கப்பட்டது. கலைக்கப்பட்டாலும் அது எழுப்பிய கேள்வி நமக்கு அப்படியே பொருந்துகிறது. நடைக்கு இவ்வளவு என்ற கூலியோடு, செயலியில் இருந்த நேரத்துக்கும் குறைந்தபட்ச வருமானம் என்று ஒன்று சேர்ந்தால், அந்த 45 நிமிடத்தின் மதிப்பு தானாகக் குறையும். இன்சென்டிவை எண்ணிக்கைக்குப் பதிலாக, திடீர் பிரேக் இல்லாமல், வேக மீறல் இல்லாமல் ஓடிய நாட்களுக்குக் கொடுக்கலாம். கைபேசியில் உள்ள உணர்கருவிகளே அதை அளந்துவிடும்.

தமிழ்நாடு சில படிகள் எடுத்திருக்கிறது. செயலித் தொழிலாளர்களுக்கான நல வாரியம் 2023-இல் அறிவிக்கப்பட்டு அமைக்கப்பட்டது. 2025-26 நிதிநிலை அறிக்கையில் 2,000 செயலித் தொழிலாளர்களுக்கு மின் ஸ்கூட்டர் வாங்கத் தலா 20,000 ரூபாய் மானியம் அறிவித்தார்கள். 2021 டிசம்பர் 18-இல் தொடங்கிய "இன்னுயிர் காப்போம்" திட்டம், விபத்து நடந்த முதல் 48 மணி நேரத்துக்கு யாராக இருந்தாலும் இலவசச் சிகிச்சை தருகிறது. இது உண்மையிலேயே பெருமைப்பட வேண்டிய திட்டம். தலையில் பலத்த அடி என்றால் "மதுரைக்குக் கொண்டுபோங்க" என்பது இந்தப் பகுதியில் பழகிப்போன பேச்சு. அறுபது கிலோமீட்டருக்கு மேல் ஆம்புலன்ஸில் போக வேண்டும். திண்டுக்கல்லுக்கே அரசு மருத்துவக் கல்லூரி வந்த பிறகும் அந்தப் பேச்சு ஓயவில்லை என்றால், இரவு நேர நரம்பியல் அறுவைச் சிகிச்சை வசதியை இங்கேயே வலுப்படுத்துவதும் சாலைப் பாதுகாப்புதான்.

அரசின் தலையீடு சிகிச்சையில் இருக்கும் அளவுக்கு விபத்துக்கு முந்தைய கட்டத்தில் இல்லை என்பதே என் வருத்தம். திண்டுக்கல் போன்ற ஊருக்கு ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது. இங்கே இந்தத் தொழில் இன்னும் பெருகவில்லை. ஆயிரக்கணக்கானோர் இறங்கிய பிறகு ஒழுங்குபடுத்தப் போனால் போராட்டமும் வழக்குமாக முடியும் என்பதைப் பெரிய நகரங்களில் பார்த்தாகிவிட்டது. ஆட்டோ ஸ்டாண்டுகளின் கோபத்திலும் நியாயம் இருக்கிறது. அவர்கள் பெர்மிட், எஃப்.சி. என்று செலவு செய்து ஓட்டுகிறார்கள். எதுவும் இல்லாத வண்டி பாதி விலைக்கு ஆளை ஏற்றிப் போகிறது. இரு தரப்புக்கும் ஒரே அளவுகோல் வைத்தால் சண்டை குறையும்.

மாநில அரசு முதலில் விதியை வகுக்கட்டும். பெர்மிட் கட்டணம் ஓர் இளைஞர் கட்டக்கூடிய அளவில் இருக்கட்டும். வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் எட்டுப் போட்டுக் காட்டும் தேர்வோடு நிற்காமல், பின்னால் ஆளை ஏற்றிக்கொண்டு பிரேக் பிடிப்பதையும் சோதிக்கட்டும். மாநகராட்சி, பேருந்து நிலையத்திலும் ரயில் நிலையத்திலும் ஏற்றி இறக்க வெளிச்சமான ஓரிடம் ஒதுக்கட்டும். இன்று சாலை நடுவிலேயே இது நடக்கிறது. நெடுஞ்சாலைத் துறை, ராங் ரூட் அதிகம் நடக்கும் இடங்களுக்குப் போலீஸை அனுப்புவதற்கு முன்பு அங்கே கட்டிங்கும் சர்வீஸ் ரோடும் எப்படி இருக்கின்றன என்று பார்க்கட்டும். 2025 ஜூனில் புதுப்பிக்கப்பட்ட மினி பஸ் திட்டம் இரவு நேரத்துக்கும் நீண்டால், பைக்கில் ஏறியே ஆக வேண்டிய கட்டாயம் பலருக்கு நீங்கும்.

ஓட்டும் தம்பிகளுக்கும் சொல்ல வேண்டியது உண்டு. ஏற்பாடு தவறானது என்பதற்காக ராங் ரூட்டில் வந்த வண்டிமீது மோதாமல் லாரி ஒதுங்கிப் போகாது. பின்னால் இருப்பவர் யாரோ ஒருவரின் அப்பா, யாரோ ஒருவரின் மகள். அவரை உங்கள் கையை நம்பி ஏற்றிவிட்டிருக்கிறார்கள்.

பயணம் செய்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வண்டியில் ஏறுமுன் ஹெல்மெட் கேளுங்கள். வாரைக் கட்டுங்கள். சேலைக் காப்பும் கைப்பிடியும் இருக்கின்றனவா என்று பாருங்கள். "அவசரம் இல்லைப்பா, மெதுவா போ" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்; அவருடைய அவசரத்தைத் தணிக்க அந்த ஒரு வார்த்தை உதவும். ஹெல்மெட் இல்லையென்றால் ஏறாதீர்கள், சவாரியை ரத்து செய்யுங்கள். காரணம் கேட்கும் கட்டத்தில் "பயணிக்கு ஹெல்மெட் இல்லை" என்று எழுதுங்கள். அந்தப் புகார் ஓட்டுநருக்குப் போகட்டும், கம்பெனிக்கும் போகட்டும்.